வட மினசோட்டாவில் கேம்பிங்: இட்டாஸ்காவா, காஸ் லேக்கா, அணைக்கட்டா?

மினியாபொலிஸிலிருந்து வடக்கே நாலு மணி நேரம் ஓட்டினால் பெமிட்ஜி. அந்த ஊரைச் சுற்றி ஐம்பது அறுபது மைலுக்குள் கூடாரம் போடக் கிடைக்கும் இடங்களுக்குக் கணக்கே இல்லை. படத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்: ஏரி, பைன் மரம், மர மேசை, நெருப்பு மூட்ட ஓர் இரும்பு வளையம். அதை நம்பிப் பதிவு செய்துவிட்டு, போய் இறங்கிய பிறகு கழிப்பறையைப் பார்த்துத் திகைத்து நிற்கும் குடும்பங்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கலாம்.

நான் முதலில் பார்ப்பது அந்த இடத்தை நடத்துவது யார் என்பதைத்தான். மாநிலப் பூங்காவா, தேசிய வனத் துறையா, அணைகளைப் பார்த்துக்கொள்ளும் ராணுவப் பொறியாளர் படையா, மாநில வனமா, தனியாரா? இது தெரிந்துவிட்டால் குளியலறை உண்டா, பக்கத்துக் கூடாரம் எவ்வளவு தள்ளி இருக்கும், இரவில் என்ன சத்தம் கேட்கும், எத்தனை மாதம் முன்னால் பதிய வேண்டும் என்பதெல்லாம் பாதிக்கு மேல் தெரிந்த மாதிரி. ஏரியின் அழகு அப்புறம். இந்தப் பக்கத்தில் அழகில்லாத ஏரியைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம்.

இட்டாஸ்கா மாநிலப் பூங்கா

முதல்முறை கூடாரம் போடுகிறவர்களுக்கு நான் யோசிக்காமல் சொல்வது இதைத்தான். 1891இல் உருவானது; மினசோட்டாவின் முதல் மாநிலப் பூங்கா. 32,000 ஏக்கருக்கு மேல் பரப்பு, உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகள். மிசிசிப்பி புறப்படுவது இங்கேதான். இட்டாஸ்கா ஏரியின் வட முனையில் தண்ணீர் ஒரு கல் வரிசையைத் தாண்டி வழிந்து, ஓடையாகக் காட்டுக்குள் நுழைகிறது. கோடையில் ஆழம் பெரும்பாலும் முழங்கால் அளவுதான். சிறு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மிசிசிப்பியை நடந்தே கடந்துவிடலாம். கற்கள் வழுக்கும், பழைய செருப்போடு இறங்குங்கள்.

முகாம்கள் இரண்டு. பேர் பா ஏரிப் பக்கம், பைன் ரிட்ஜ் கொஞ்சம் உள்ளே தள்ளிக் காட்டுக்குள். இரண்டிலும் வெந்நீர்க் குளியலறை, தண்ணீர் வசதியுள்ள கழிப்பறை, மின்சார இணைப்புள்ள இடங்கள் எல்லாம் உண்டு. பேர் பாவில்தான் எல்லாரும் மோதுவார்கள். படகும் சைக்கிளும் வாடகைக்குக் கிடைக்கும் இடம் அதற்குப் பக்கம், ஏரியும் பக்கம். அங்கே கார் போகாத சில இடங்களும் உண்டு. சாமான்களைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். பத்து நிமிட உழைப்புக்கு அங்கே கிடைக்கும் அமைதி அதிகம். கைக்குழந்தையோடு போகிறவர்கள் மட்டும் அதைத் தவிர்த்துவிடலாம்.

நல்ல பைன் மரங்கள் இங்கே மிஞ்சியிருப்பதற்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. 1903இல் மரக் கம்பெனிக்காரர்கள் வெட்டிய கட்டைகளை மிதக்கவிட்டுக் கொண்டுபோக அணை போட்டு ஏரி நீரை உயர்த்தினார்கள். கரையோர மரங்கள் நீரில் நின்றன. மதகைத் திறக்கச் சொல்லி அவர்கள் எதிரே போய் நின்றவர் மேரி கிப்ஸ். அப்போது பூங்காவின் பொறுப்பு அவர் கையில், வயது 24. ஆறு புறப்படும் இடத்தில் இருக்கும் பார்வையாளர் மையத்துக்கு இன்று அவர் பெயர்தான்.

குறை இல்லாமல் இல்லை. ஜூலை மாத நடுப்பகலில் அந்தக் கல் வரிசைப் பக்கம் போனால் திருவிழாக் கூட்டம். காலை ஏழு மணிக்குப் போனால் நீங்களும் லூன் பறவையும் மட்டும். முகாமில் இடங்கள் ஒன்றோடொன்று நெருங்கியே இருக்கின்றன, குறிப்பாக மின்சார இணைப்புள்ள பகுதியில். நீந்தும் கரை உண்டு. ஆனால் நாள் முழுக்கத் தண்ணீரிலேயே கிடக்க வேண்டும் என்கிற பிள்ளைகளுக்கு அது போதாது. இட்டாஸ்காவின் பலம் நடைபாதையும் சைக்கிள் பாதையும். காட்டுக்குள் வளைந்து வளைந்து ஆறு புறப்படும் இடம்வரை போகும் அந்தத் தார்ப் பாதைக்காகவே சைக்கிளைக் கட்டி எடுத்துக்கொண்டு போகலாம்.

நம் ஆட்கள் கவனிக்க வேண்டிய விதி ஒன்று. மினசோட்டா மாநிலப் பூங்காக்களில் ஓர் இடத்துக்கு 6 பேர்தான். ஒரே குடும்பமாக இருந்தால் விலக்கு உண்டு. நாலு குடும்பம் சேர்ந்து இரண்டு இடம் பதிந்து, நெருக்கியடித்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே எடுபடாது. இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பதையும் ரேஞ்சர் வந்து நினைவுபடுத்துவார். ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறையவே ஒன்பதைத் தாண்டிவிடும். இருட்டி, நெருப்பு மூட்டி, அந்தாக்ஷரி சூடு பிடிக்கும்போது பத்து ஆகிவிடும். கூட்டமாகப் போவதென்றால் குழுக்களுக்கென்றே தனியாக இருக்கும் முகாமைப் பதியுங்கள்.

காஸ் லேக், நார்வே பீச்

இட்டாஸ்காவிலிருந்து ஒரு மணி நேரம் கிழக்கே வந்தால் சிப்பவா தேசிய வனம். 1908இல் ஏற்பட்டது, மிசிசிப்பிக்குக் கிழக்கே அமைந்த முதல் தேசிய வனம். உள்ளே 1,300க்கும் மேற்பட்ட ஏரிகள். வெண்தலைக் கழுகு அதிகமாகக் கூடு கட்டும் காடுகளில் இதுவும் ஒன்று. காஸ் லேக் ஊரைத் தாண்டி 2ஆம் எண் நெடுஞ்சாலையில் சில மைல் போனால் நார்வே பீச் வந்துவிடும்.

நீச்சல்தான் முக்கியம் என்றால் பேச்சே வேண்டாம், இதுதான். மணல் கரை. நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்பளவுத் தண்ணீர். பின்னால் நூறு வயதைத் தாண்டிய சிவப்புப் பட்டை பைன்கள். உயரமாக வளர்ந்து கீழே புதர் அதிகம் இல்லாததால் முகாமுக்குள் வெளிச்சமும் காற்றும் வரும். மற்ற இடங்களில் எல்லாம் வெட்டித் தீர்த்த காலத்தில், காஸ் லேக்கைச் சுற்றிப் பத்து சதுர மைல் பகுதியை 1902ஆம் ஆண்டுச் சட்டம் தனியே ஒதுக்கி வைத்தது. அதனால் பிழைத்த மரங்கள் இவை.

முகாம் லூப் எனப்படும் பல வளையங்களாகப் பிரிந்திருக்கிறது. வசதி வளையத்துக்கு வளையம் வேறுபடும். அதனால் நார்வே பீச் என்ற பெயரை மட்டும் பார்த்துப் பதிய வேண்டாம். மின்சாரம், குளியலறை, கரைக்கு நடை தூரம் மூன்றையும் அந்தந்த வளையத்தின் பக்கத்தில் தனித்தனியே பாருங்கள். இட்டாஸ்காவோடு ஒப்பிட்டால் இங்கே இடங்கள் தாராளம், பக்கத்துக் கூடாரத்தின் பேச்சு உங்கள் காதில் விழாது. ரேஞ்சரும் அடிக்கடி கண்ணில் படமாட்டார். இதை வசதி என்று நினைக்கிறவர்களும் உண்டு, பயம் என்று நினைக்கிறவர்களும் உண்டு.

இன்னொன்று. நெடுஞ்சாலையும் சரக்கு ரயில் பாதையும் ரொம்பத் தொலைவில் இல்லை. காற்று அந்தத் திசையில் இருந்தால் நடு இரவில் ரயில் ஊதும். தூக்கம் எளிதில் கலைகிறவர்கள் ஏரிப் பக்கத்து இடத்தைப் பார்த்து எடுங்கள்.

படகு இருந்தால் எதிரே ஸ்டார் ஐலண்ட். அந்தத் தீவுக்குள்ளே விண்டிகோ என்று இன்னொரு ஏரி இருக்கிறது. ஏரிக்குள் தீவு, தீவுக்குள் ஏரி. பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் அங்கே போகாமல் வரமாட்டார்கள். ஆனால் காஸ் லேக் 15,000 ஏக்கருக்கு மேல் விரிந்த ஏரி. பிற்பகலில் காற்று எழுந்தால் அலை கயாக்கைப் புரட்டிவிடும். போவதானால் காலையில் போய்ச் சாப்பாட்டு நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும்.

லீச் லேக் ஓஜிப்வே பழங்குடி மக்களின் ரிசர்வேஷனில் பெரும்பகுதி இந்த வனத்தின் எல்லைக்குள் வருகிறது. அவர்களிடமிருந்து முறைகேடாகக் கைமாறிய நிலத்தில் சுமார் 11,760 ஏக்கரைத் திருப்பிக் கொடுக்கும் சட்டம் 2020 டிசம்பரில்தான் நிறைவேறியது. ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் ஆழமில்லாத ஓரங்களில் வைல்ட் ரைஸ் அறுவடை நடக்கும். தண்ணீருக்கு மேல் பயிர்போல நிற்கும் அந்தப் புல்லுக்குள் கயாக்கை ஓட்டாதீர்கள், அது அவர்களுடைய விளைச்சல். ஊர்க் கடைகளில் கையால் அறுத்து வறுத்த அரிசி கிடைத்தால் ஒரு பை வாங்கிக்கொள்ளுங்கள். சூப்பர் மார்க்கெட்டில் கறுப்பாக, ஊசிபோல இருப்பதைவிட இது சீக்கிரம் வேகும். மிளகும் நெய்யும் போட்டுப் பொங்கலாகக் கிண்டினால் நன்றாகவே வருகிறது.

இதே வனத்துக்குள் இன்னும் எளிமையான முகாம்கள் நிறைய உண்டு. மிசிசிப்பி காஸ் லேக்கை விட்டு வெளியேறும் இடத்தில் நட்சன் டேம், மார்செல் பக்கம் தெளிந்த தண்ணீர் கொண்ட கிளப்ஹவுஸ் லேக் என்று. இவற்றில் அடிபம்பும் குழிக் கழிப்பறையும்தான். குழிக் கழிப்பறை என்றால் ஆழமான கான்கிரீட் தொட்டியின் மேல் ஓர் இருக்கை, அவ்வளவே. தண்ணீர் வராது. ஒரு வாளியும் குவளையும் காரில் இருக்கட்டும். இரண்டாவது மூன்றாவது முறை போகிறவர்களுக்கு கிளப்ஹவுஸ் லேக் என் முதல் தேர்வு. முதல்முறை போகிறவர்களை அங்கே அனுப்பமாட்டேன்.

அணைக்கட்டு முகாம்கள்

இதை நம்மவர்கள் யாரும் கவனிப்பதில்லை. மிசிசிப்பியின் மேல்பகுதியில் ராணுவப் பொறியாளர் படை ஆறு அணைகளைப் பராமரிக்கிறது. லீச் லேக், வின்னிபிகோஷிஷ் இரண்டும் 1880களின் தொடக்கத்தில் கட்டியவை. கீழே செயின்ட் பால் பக்கம் படகு ஓடத் தண்ணீர் வேண்டும் என்பதற்காக மேலே தேக்கினார்கள். தேக்கியதில் மூழ்கியவை ஓஜிப்வே மக்களின் ஊர்களும் அரிசி விளையும் ஓரங்களும். இன்று அந்த அணைகளின் பக்கத்திலேயே முகாம்கள் நடக்கின்றன.

பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. புல் வெட்டிய சமதரை, தார்ச்சாலை, வரிசையாக இடங்கள், மீன் சுத்தம் செய்ய ஒரு கொட்டகை. காட்டுக்குள் இருக்கிற உணர்வு வராது. ஆனால் லீச் லேக் அணை முகாமில் மின்சாரம் இருக்கிறது, குளியலறை இருக்கிறது, தரை மேடுபள்ளம் இல்லாமல் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் பெரும்பாலும் வாலாய் மீன் பிடிக்க வந்த ஓய்வுபெற்ற தம்பதிகள்; ஒன்பது மணிக்கே விளக்கை அணைத்துவிடுவார்கள். மூட்டு வலிக்கும் அம்மாவையும், தூங்கும்போது மூச்சுக் கருவி மாட்டிக்கொள்ளும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இதைவிடத் தோதான இடம் இந்தப் பக்கம் இல்லை.

பணத்திலும் ஒரு சேதி இருக்கிறது. 62 வயதான குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் மத்திய அரசின் மூத்தோர் பாஸ் கிடைக்கும். வருடத்துக்கு 20 டாலர், வாழ்நாளுக்கு 80. அந்த பாஸ் இருந்தால் அணை முகாம்களிலும் தேசிய வன முகாம்களிலும் பெரும்பாலும் வாடகை பாதிதான். பாஸ் வைத்திருப்பவர் கூடவே தங்க வேண்டும். விசிட்டர் விசாவில் வந்த பெற்றோருக்குக் கிடையாது. இட்டாஸ்காவில் இது செல்லாது, அது மாநிலத்தின் சொத்து.

மாநில வனமும் தனியாரும்

வியாழக்கிழமை மாலை திடீரென்று கிளம்பத் தோன்றினால் மாநில வன முகாம்கள். பால் பன்யன் மாநில வனத்தில் மேன்ட்ராப் ஏரியில் இருப்பது அந்த வகை. முன்பதிவு கிடையாது, முதலில் வந்தவருக்கு இடம். வெள்ளி மதியத்துக்குள் போய்விட்டால் பெரும்பாலும் கிடைக்கும். இடங்கள் தள்ளித் தள்ளி இருக்கும், வாடகை குறைவு, வசதி அடிபம்போடு சரி. ஒன்றை மட்டும் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்: பால் பன்யன் வனத்தில் ஏடிவி என்ற காட்டுப்பாதை வண்டிகளுக்கான பாதைகள் நிறைய. முகாம் அவற்றுக்குப் பக்கம் அமைந்துவிட்டால் பகல் முழுக்க எஞ்சின் உறுமல்தான்.

தனியார் முகாம்களைப் பற்றி எனக்கு அவ்வளவாக நல்ல அபிப்பிராயம் இல்லை. நீச்சல்குளம், வைஃபை, ஐஸ்கிரீம் கடை எல்லாம் இருக்கும். ஆனால் கோடை முழுவதற்கும் வாடகை கட்டி ஆர்வி வண்டியை நிறுத்திவைக்கும் நிரந்தர வாடிக்கையாளர்கள் ஏரியோர இடங்களை எடுத்துக்கொள்வார்கள்; சனி ஞாயிறுக்கு வருகிறவர்களுக்கு மிஞ்சுவது பின்வரிசை. கூடாரத்துக்கு இரண்டு பக்கமும் வீட்டளவு வண்டிகள் நின்றால் வானம்கூடத் தெரியாது. மழை கொட்டுகிறது, எங்கும் இடமில்லை, அல்லது வாடகைக்கு ஒரு சின்ன மர வீடு வேண்டும் என்றால் போகலாம்.

காற்றும் கொசுவும்

நடத்துபவரைத் தேர்ந்தெடுத்த பிறகு ஏரிக்கு வருவோம். இங்கே ஏரியின் அளவுதான் மற்றதை முடிவு செய்கிறது. பெரிய ஏரியின் கிழக்கு, தென்கிழக்குக் கரைகளில் மேற்கிலிருந்து வரும் காற்று நேராக வந்து மோதும். அலை அடிக்கும், கொசு நிற்காது. நார்வே பீச் அப்படிப்பட்ட கரை. சிறிய ஏரியில் தண்ணீர் கண்ணாடிபோல இருக்கும், கயாக் ஓட்டச் சுகம், குழந்தை பயமில்லாமல் துடுப்புப் போடலாம். சாயங்காலம் காற்று நின்றவுடன் கொசு மொய்க்கும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. எது முக்கியம் என்று வீட்டில் முன்பே பேசிவிடுவது நல்லது.

மாதமும் கிட்டத்தட்ட அதே அளவு முக்கியம். ஜூனில் கொசு உச்சம், தண்ணீரும் குளிர். உண்ணியும் அப்போதுதான் அதிகம். மான் உண்ணி லைம் நோயைக் கொண்டுவரும் என்பதால் இரவு படுக்கும் முன் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, காதின் பின்புறம், தலைமுடி ஓரம் எல்லாம் தடவிப் பார்க்க வேண்டும். ஜூலையில் நீச்சல் நன்றாக இருக்கும், கூட்டமும் அப்படியே. ஆழமில்லாத ஓரத்தில் நெடுநேரம் விளையாடினால் சிலருக்கு உடம்பெல்லாம் அரிப்பு வரும். கரையேறியதும் துண்டால் நன்றாகத் துடைத்துவிட்டால் குறையும். என்னைக் கேட்டால் ஆகஸ்ட் மூன்றாம் வாரம். தண்ணீர் வெதுவெதுப்பு, கொசு தணிந்திருக்கும், இரவுக் குளிருக்கு ஒரு கம்பளி போதும். பள்ளி திறக்கும் கவலையில் பலர் வருவதில்லை. செப்டம்பர் கடைசியில் மேப்பிள் சிவக்கும். அப்போது நீச்சலை மறந்துவிட வேண்டும், இட்டாஸ்காவுக்கு அதைவிட நல்ல சமயம் இல்லை.

காஸ் லேக்கிலும் வின்னிபிகோஷிஷிலும் ஜீப்ரா மஸ்ஸல் என்ற சின்னச் சிப்பி பரவியிருக்கிறது. கல்லில் ஒட்டிக்கொண்டு பாதத்தைக் கிழிக்கும், தண்ணீருக்கான செருப்பு வேண்டும். அந்த ஏரிகளில் மிதக்கவிட்ட படகை, காற்றடைத்த கயாக்கானாலும், நீரை வடித்து நன்றாகக் காயவிடாமல் வேறு ஏரியில் இறக்கக் கூடாது. விறகும் அப்படித்தான். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகாதீர்கள். ஆஷ் மரங்களைக் கொல்லும் பச்சை வண்டு விறகோடுதான் ஊர் ஊராகப் போகிறது. அங்கேயே, அனுமதி பெற்ற விற்பனையாளரிடம் வாங்க வேண்டும். கரடி பற்றிக் கேட்பார்கள். கறுப்புக் கரடி இருக்கிறது; மனிதரைத் தேடி வராது, சாப்பாட்டைத் தேடி வரும். புளிக்குழம்புப் பாத்திரத்தைக் கழுவி, மிச்சத்தோடு சேர்த்து இரவில் காருக்குள் பூட்டிவிட்டால் சரி.

ஒரு பகல் மிச்சமிருந்தால் பிளாக்டக் ஊருக்குக் கிழக்கே லாஸ்ட் ஃபார்ட்டி. 1882இல் நிலம் அளந்தவர்கள் காடிங்டன் ஏரியை வரைபடத்தில் இடம் தவறிப் போட்டுவிட்டார்கள். 144 ஏக்கர் பைன் காடு தாளில் ஏரியாகிப் போனது. ஏரியில் யார் கோடரியோடு போவார்கள்? அதனால் மிஞ்சியது. ஒரு மைல் நடைதான், வயதானவர்களும் போகலாம். எந்த முகாமில் தங்கினாலும் இதற்கு ஒரு பகல் ஒதுக்குவேன்.

பதிவுக்கு வருவோம். இட்டாஸ்காவுக்கு 120 நாள் முன்னால் காலை 8 மணிக்குத் திறக்கும். ஜூலை 3ஆம் தேதி இரவு வேண்டுமென்றால் மார்ச் 5 காலை கணினி முன் உட்கார வேண்டும். தேசிய வனத்திலும் அணை முகாம்களிலும் முன்பதிவு வைக்கும் இடங்கள் ஆறு மாதம் முன்னால், நம் நேரம் காலை 9 மணிக்கு. அதே இரவுக்கு ஜனவரி 3. அந்த வார இறுதிதான் வேண்டும் என்று அடம் இல்லையென்றால் ஞாயிறு முதல் புதன் வரை பாருங்கள், ஜூலையிலும் நல்ல இடம் கிடைக்கும். எல்லாம் நிரம்பிவிட்டதாகக் காட்டினால் புறப்படும் வாரத்தில் தினமும் ஒருமுறை பாருங்கள். மழை வரும் என்று சேதி வந்தவுடன் ஏரியோர இடங்களைத்தான் முதலில் ரத்து செய்கிறார்கள்.